வாடகை வீட்டில் இருப்பவர் எந்த ஊர்க்காரர்?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வேறு மாவட்டங்களிலிருந்து தொழிலின் பொருட்டுத் திருகோணமலைக்கு வந்து வாடகை வீடுகளில் குடியிருப்போர், தாம் இங்கேதான் வாழ்கிறோம் என்பதை அரசாங்க அலுவலகங்களில் நிறுவுவதற்குப் படும் பாட்டைப் பற்றியும், அதைப் பெருமளவு குறைக்கக்கூடிய ஓர் எளிய ஏற்பாட்டைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாயிலாக எழுத விரும்புகிறேன். மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் ஒன்றுக்காக நான் அலைந்த கதையாகவே இது தொடங்குகிறது. ஆயினும் அந்த லைசன்ஸ் கைக்கு வந்து நெடுநாளான பின்னரும் இதை எழுத முற்படுவதற்குக் காரணம், அந்த அலைச்சலின் வேர் லைசன்ஸ் வழங்கும் இடத்தில் இல்லை என்பதைப் பின்னர் விளங்கிக்கொண்டமையே.

நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 2023 ஜனவரியில், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து, மனைவியுடனும் இரண்டு வயது மகளுடனும் இங்கு வந்தேன். நகருக்கு அண்மையில், உரிமையாளர் குடியிருக்கும் வளவுக்குள்ளேயே பின்பக்கமாக ஒரு அறையும் குசினியும் கொண்ட அனெக்ஸ் வாடகைக்குக் கிடைத்தது. இந்த ஊரில் 'இடம்பெயர்ந்தவர்' என்ற சொல்லுக்கு நீண்டதும் வேதனை நிறைந்ததுமான ஒரு பொருள் உண்டு. அந்தச் சொல்லை நான் எனக்கென எடுத்துக்கொள்ள மாட்டேன். விரும்பி வந்தவன் நான். நாட்டுக்குள் எங்கும் சென்று, விரும்பிய இடத்தில் வதிவதற்கான சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் அளித்திருக்கிறது என்பதைப் பாடசாலையில் குடியியல் பாடத்தில் படித்திருக்கிறேன். அந்த உறுப்புரைக்கும் ஒரு கிராம உத்தியோகத்தரின் மேசைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான் பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை.

ஹட்டனில் இருந்தவரை வாகனம் ஓட்டத் தெரியாததை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. இங்கோ, இரவு ஒன்பது மணிக்குக் கணக்கை மூடிவிட்டு நிலாவெளி வீதியில் நின்றால் பஸ் வருமா வராதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். ஆகவே, எல்லோரும் 'லேனர்ஸ்' என்று சொல்லும் சாரதிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் பெயரைக் கொடுத்தேன். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனத்தின் மெடிக்கல், தமிழிலேயே எழுதக்கூடிய நாற்பது வினாக்கள் கொண்ட எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதம் கழித்துச் செய்முறைப் பரீட்சை என்று அங்கிருந்தவர் வரிசையாகச் சொன்னபோது, இவற்றில் எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இறுதியில் அவர் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகவரி நுவரெலியா மாவட்டம் அல்லவா, இங்கு வசிப்பதற்கு ஜீ.எஸ். கடிதம் ஒன்று எடுத்து வாருங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது.

ஜீ.எஸ். என்று நாங்கள் சொல்லும் கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிட, நற்பண்புச் சான்றிதழை ஊன்றிப் படித்தவர்கள் குறைவாகவே இருப்பர். கையொப்பம் விழுந்ததும் மடித்துப் பையில் வைப்பதுதான் வழக்கம். நான் அதைப் பலமுறை படிக்க நேர்ந்தது. விண்ணப்பகாரர் அந்தப் பிரிவில் எவ்வளவு காலம் வசிக்கிறார் என்று அதில் ஒரு வினா உண்டு. அந்தக் காலத்தை உறுதிப்படுத்த வேறு என்ன சான்று இருக்கிறது என்று இன்னொரு வினா. வாக்காளராகப் பதியப்பட்டிருக்கிறாரா, ஆமெனில் இடாப்பின் விபரம் என்ன என்று மற்றொன்று. கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்ட பின்னர் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். அதன் பின்னரும் ஆறு மாதத்துக்கே அது செல்லுபடியாகும். எமது பிரிவின் உத்தியோகத்தர் என்னை நாற்காலியில் அமர்த்தி, இந்த வினாக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வசிக்கும் காலம் ஒரு மாதம். மின்சாரப் பட்டியலும் நீர்ப் பட்டியலும் வீட்டுக்காரர் பெயரில். வாக்கு, தோட்டத்தில். வேலை செய்யும் ஹோட்டல் தந்த கடிதத்தை நீட்டினேன். அது நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதைச் சொல்கிறதேயன்றி எங்கே உறங்குகிறேன் என்பதைச் சொல்லவில்லை என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. முன்பு இருந்த பிரிவிலிருந்து கடிதம் எடுத்து வரும்படி சொல்லி அனுப்பினார்.

ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று பஸ் மாறி மாறி ஹட்டனுக்குப் போனேன். என்னைச் சிறுவயது முதல் அறிந்த அந்த உத்தியோகத்தர் தேநீர் தந்து உபசரித்துவிட்டு, "தம்பி, நீர் இங்கே இல்லையே, இருக்கிறார் என்று நான் எப்படி எழுதுவது?" என்று கேட்டார். இவர் சொன்னதிலும் பிழை இல்லை. திருகோணமலையில் இருக்கிறேன் என்பதற்குச் சான்று இல்லை; ஹட்டனில் இல்லை என்பதற்கோ சான்று தேவைப்படவில்லை. இரண்டு நேர்மையான மனிதர்கள், தத்தம் கடமையைச் சரிவரச் செய்ததன் விளைவாக, நான் இலங்கையில் எங்கும் வசிக்காத ஒருவனாகத் திரும்பி வந்தேன்.

இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவர் வீட்டுக்காரர் ஒருவரே. "இன்னார் என் வீட்டில் இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று எமது உத்தியோகத்தரே சொன்னார். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். மாதம் தவறாமல் வாடகை வாங்குபவர், என் மகளுக்குப் பிறந்தநாளன்று பாற்சோறு கொடுத்தனுப்பியவர், எழுத்தில் தருவதற்கு மட்டும் இசையவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு மாலை, படலையடியில் நின்றபடி, அவர் தம் கதையைச் சொன்னார். 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். பல வருடம் கழித்துத் திரும்பியபோது, குடும்பத்துக்குச் சொந்தமான இன்னொரு காணியில் வேறு யாரோ வீடு கட்டி, மின்சாரமும் எடுத்து, வாக்காளர் இடாப்பிலும் அந்த முகவரியில் பெயர் பதிந்திருந்தார்கள். அந்த வழக்கு அவருடைய தந்தையார் காலமான பின்னரும் நடந்ததாம். வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், கிராம உத்தியோகத்தர் கடிதம் என்ற மூன்றும் அவருக்கு வதிவிடச் சான்றுகள் அல்ல. காணி பறிபோவதற்கான மூன்று படிகள்.

இந்த மாவட்டத்தில் இந்த அச்சத்தை மூடத்தனம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. பத்து ஆண்டுகள் தடையின்றி எதிருரிமையாக, அதாவது உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், ஒரு காணியை வைத்திருந்தவருக்கு அதில் உரித்துக் கோர 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழிவிடுகிறது. போர்க்காலத்தில் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு இதனால் நேர்ந்த அநீதியைக் கண்டே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் வாடகைக் குடியிருப்பாளரின் நிலை வேறு என்பதை வீட்டுக்காரர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். உரிமையாளரின் அனுமதியோடும், மாதாமாதம் அவருக்குப் பணம் கொடுத்தும் இருப்பவர், அவருடைய உரித்தை ஒவ்வொரு மாதமும் ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறான இருப்பு எதிருரிமை ஆகாது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது ஒருவர் எங்கே வதிகிறார் என்பதைக் காட்டுமேயன்றி, அந்தக் கூரை யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை நினைத்து அஞ்சுவோரும் உளர். குடியிருப்பாளரை எழுப்ப இருபது வருடம் வழக்காடிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. குத்தகைக் காலம் முடிந்த பின்னரும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவான நடைமுறையில் மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நான் அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டும்வரை எமது வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வாக்காளர் இடாப்பைப் பற்றித் தனியாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம் கேட்பது ஒருவர் சாதாரணமாக வதியும் இடத்தையே. சொந்த வீடா வாடகை வீடா என்று அது கேட்கவில்லை. ஆயினும் ஒரு வளவில் இருப்போரின் பெயர்களை வாக்காளர் பதிவுக்கான பீ.சீ. படிவத்தில் நிரப்பிக் கொடுப்பவர் பிரதான குடியிருப்பாளர். தனி வீட்டை வாடகைக்கு எடுத்தவருக்கு இதில் சிக்கல் இல்லை, அவரே பிரதான குடியிருப்பாளர். என்னைப் போல அனெக்ஸில் இருப்பவரின் பெயரோ, முன்வீட்டுக்காரர் பேனாவை எடுத்தால்தான் உண்டு. மேலும், மூவினத்தவரில் எவரும் தனித்து அரைவாசியைத் தாண்டாத, நான்கு பாராளுமன்ற ஆசனங்கள் மட்டுமே கொண்ட இந்த மாவட்டத்தில், இடாப்பில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர் பெயரைச் சேர்க்க ஓர் உத்தியோகத்தர் இருமுறை யோசிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதன் பலனாக, இங்கேயே வருடக்கணக்கில் வாழ்ந்து, இங்கேயே கடையில் சாமான் வாங்கி, இந்த ஊர்க் குப்பை வண்டிக்காகக் காத்திருக்கும் பலர், தேர்தல் வந்தால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகிறார்கள். 2024 செப்டெம்பரிலும் நவம்பரிலும் நானும் போனேன். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில், நான் நடக்கும் வீதிக்கும் நான் குடிக்கும் நீருக்கும் தொடர்பில்லாத ஒரு சபைக்கு வாக்களித்துவிட்டு வந்தேன்.

இடாப்பில் பெயரில்லாததன் சுமை பெற்றோரோடு நிற்பதில்லை. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு வதிவிட அடிப்படையில் பிள்ளையைச் சேர்க்கும்போது, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புகளுக்குப் புள்ளி வழங்கப்படுகிறது. பிரபல பாடசாலைகளுக்குப் போலி முகவரியோடு படையெடுப்பவர்களைத் தடுக்க இப்படியொரு விதி தேவை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். இடமாற்றம் பெற்று வரும் அரசாங்க உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்குத் தனியான வகை இருக்கிறது. தனியார் துறையில் வேலை மாறி வருபவருக்கு அப்படியொன்று இல்லை. என் மகள் ஐந்து வயதை அடைந்தபோது, அவள் வாழ்க்கையின் பாதிக்கு மேல் இந்தக் கடற்கரையில் கழிந்திருந்தது. எங்கள் கோப்பில் இருந்த ஐந்து இடாப்புகளும் தோட்டத்தினுடையவை.

இங்கே ஒரு சொந்த விடயத்தைக் குறிப்பிட அனுமதிக்க வேண்டும். வதிவிடச் சான்று என்பது மலையகத்தவருக்குப் புதிய சொல் அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின், இந்திய வம்சாவளியினர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க 1949இல் ஒரு சட்டம் வந்தபோது, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்ததை நிரூபிக்க வேண்டும் என்று அது விதித்தது. தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான செக்ரோல் தவிர வேறு எழுத்தில் பெயர் வராத என் பாட்டனார், அதை நிரூபிக்க முடியாமலே காலமானார். எங்கள் குடும்பத்தில், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆகையால் எந்தக் கடிதத்தையும் எறியாமல், பிளாஸ்டிக் உறையிலிட்டு, றங்குப் பெட்டியின் அடியில் வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. என் அடையாள அட்டையில் இன்றுவரை வீட்டிலக்கம் கிடையாது; தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் மட்டுமே.

இனி, என் காரியம் எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டத்தின் முன் நிற்க வேண்டுமானால் அது நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சட்டம். முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசின் கட்டணமும் முழுவதும் நானே தருவதென்றும், குறித்த திகதியில் வீட்டை ஒப்படைப்பதென்றும் எழுதச் சம்மதித்த பின்னர், வீட்டுக்காரர் ஒப்பமிட்டார். தமது உரித்தை அந்த உறுதியே உறுதிப்படுத்துகிறது என்பது அவருக்குத் திருப்தி அளித்தது. அதன் பிரதியைக் கண்டதும் கிராம உத்தியோகத்தர் அன்றே சான்றிதழ் எழுதினார். மறுநாள் மேலொப்பமும் கிடைத்தது. எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், மூன்று மாதம், வளைவுகளுக்கிடையில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டுதல் எல்லாம் ஒழுங்காக நடந்தேறின. பொருளாதார நெருக்கடிக்குப் பின் அட்டைத் தட்டுப்பாடு தீராதிருந்தபடியால் முதலில் கையில் கிடைத்தது தற்காலிகக் காகிதம். அட்டை பிறகு வந்தது. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

எனக்குக் கணக்கு வேலையும், ஓரளவு படிப்பும், நொத்தாரிசுக்குக் கொடுக்க ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியும் இருந்தன. மீன்வாடியிலும் கட்டட வேலையிலும் முச்சக்கர வண்டியிலும் பிழைக்க வந்தவருக்கு இவை இல்லை. அப்படிப்பட்ட ஓர் இளைஞரை நான் அறிவேன். வவுனியாவிலிருந்து வந்து, நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். முச்சக்கர வண்டிக்குரிய பீ1 வகுப்பு அவருடைய அனுமதிப்பத்திரத்தில் முறையாகவே இருக்கிறது. ஆனால் முகவரி பழையது. அதைத் திருத்துவதற்கு வேண்டிய கடிதம் கிடைக்காமல், தபால்கள் எல்லாம் வவுனியாவுக்கே போகின்றன. வேறு சிலர், ஊர் முகவரியிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இங்கு வாழ்வதைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கிறார்கள். அதுதான் சுலபமான வழி என்பதால் அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். வாடகைக் குடியிருப்பை அறிவிக்கும் ஒரு பக்கப் படிவம் ஒன்றைப் பிரதேச செயலகங்கள் அச்சிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் வைத்திருக்கட்டும். இன்னார் இன்ன திகதி முதல் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று உரிமையாளர் அதில் ஒப்பமிடலாம். இந்த அறிவித்தல் வதிவிடத்துக்கு மட்டுமே சான்று, வீட்டிலோ காணியிலோ எவ்வித உரித்தையும் எவருக்கும் அளிக்காது என்று அதன் கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலோ மறுத்தாலோ, அயலவர் இருவரின் ஒப்பத்துடன், உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்யட்டும். சான்றிதழில் 'வேறு சான்று' என்ற வினா ஏற்கெனவே இருப்பதால், அதற்கு விடையாக இந்தத் தாளை ஏற்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

இதனால் போலிக் குடியிருப்பாளர் பெருகுவர் என்று சொல்லப்படலாம். இப்போதுள்ள முறை அவர்களைத் தடுக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன். நான் பணம் கொடுத்து எழுதிய உறுதி, நான் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தேன் என்பதைத்தான் காட்டுகிறது. கொழும்பிலிருந்துகொண்டே எவரும் அப்படியொன்றை எழுதிவிட முடியும். மாறாக, எமது உத்தியோகத்தர் ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருந்தால், கொடியில் காயும் குழந்தையின் சட்டைகளைக் கண்டிருப்பார். வாக்காளர் பதிவுக் காலத்தில் வீடு வீடாகச் செல்பவரும் அவரேதான்.

இத்துடன், புதிய முகவரியை ஒருமுறை உறுதிசெய்தால் அடையாள அட்டைக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அதே கடிதத்தோடு அதே வரிசையில் நிற்பதால் எந்த அலுவலகத்துக்கும் நன்மை இல்லை.

எமது குத்தகை உறுதி வருகிற தை மாதம் முடிகிறது. வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வருவதால் அனெக்ஸ் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. ஒப்புக்கொண்டபடி நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். புதிய வீட்டைப் பார்த்து முற்பணமும் கொடுத்தாயிற்று. அது இங்கிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறது, ஆனால் வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவு. அந்த வீட்டு அம்மாவிடம் கடிதம் ஒன்று தருவீர்களா என்று கேட்டேன். மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
வாடகைக் குடியிருப்பாளர் ஒருவர்,
திருகோணமலை.